பாட்டியின் கிமோனோவை வெட்டலாமா?

ஜப்பானின் கியோட்டோ நகரில் 21-ம் தேதி என்றால் தோஜி கோயில் சந்தை. பொழுது விடிந்ததுமே கூட்டம் சேர்ந்துவிடும். பானை, பொம்மை, செடி என எல்லாம் இருந்தாலும், பழைய கிமோனோக்களைக் குவித்துப் போட்டிருக்கும் கடைகளில்தான் நெரிசல். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்! 25-ம் தேதி கித்தானோ தென்மாங்கு ஆலயத்தில் இன்னொரு சந்தை.

குவியலைப் புரட்டுபவர்களில் சிலர் உடுத்துவதற்காக வாங்குபவர்கள் அல்ல. வீட்டின் ஓர் அறையையே கடையாக்கி, ஜப்பானியத் துணிகளை உள்ளூரிலும் இணையம் வழியாக வெளிநாடுகளுக்கும் விற்பவர்கள்.

சரக்குக்குப் பஞ்சமில்லை. பாட்டி காலமான பிறகு மரப்பெட்டியைத் திறந்தால் பட்டுக் கிமோனோக்கள் அடுக்கடுக்காக இருக்கும். பேத்திக்கோ அதைத் தானாக உடுத்தத் தெரியாது. உடுத்த வேண்டிய விசேஷமும் குறைவு. தூக்கிப்போடவும் மனம் வராது. கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் மாதச் சம்பளத்தை விழுங்கிய பட்டு, சந்தையில் 1,000 யென்னுக்குக் கிடைப்பதும் உண்டு.

வீட்டில் நடத்தும் கடைதானே என்று சும்மா ஆரம்பித்துவிட முடியாது. பழைய பொருட்களை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய, காவல் நிலையம் வழியாக விண்ணப்பித்து உரிமம் பெற வேண்டும். திருட்டுப் பொருள் கைமாறாமல் தடுக்க 1949-ல் வந்த சட்டம் இது.

உரிமம் வந்த பிறகுதான் உண்மையான சங்கடம். கையிலெடுத்த கிமோனோவை அப்படியே விற்பதா, பிரித்துத் துணியாக விற்பதா?

பிரிப்பது சுலபம். கிமோனோத் துணியின் அகலமே 36 முதல் 38 சென்டிமீட்டர்தான். நீளம் சுமார் 12 மீட்டர். அதை நேர்கோட்டில் எட்டுத் துண்டுகளாக வெட்டிக் கையால் தைக்கிறார்கள். வளைத்து வெட்டும் வழக்கமே கிடையாது. தையலைப் பிரித்தால் எல்லாம் நீளமான செவ்வகங்கள். முன்பெல்லாம் வீடுகளிலேயே கிமோனோவைப் பிரித்து, துண்டுகளை வரிசையாக இணைத்து, துவைத்து, விறைப்பாக இழுத்துக் கட்டி உலர்த்தி மறுபடி தைப்பார்கள். ‘அராய்ஹரி’ என்று அதற்குப் பெயர்.

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களும் பொம்மை செய்பவர்களும் முழுக் கிமோனோ கேட்பதில்லை. அவர்களுக்குத் துண்டு போதும். கறையோ கிழிசலோ இருந்தால் கத்தரி வைப்பதில் யாருக்கும் தயக்கமில்லை. ஆனால் இழை பிசகாத ஒன்று கைக்கு வந்தால்? துண்டாக விற்றால் பணம் சீக்கிரம் திரும்பும். முழுசாக வைத்தால், உடுத்தத் தெரிந்த ஒருவர் வரும்வரை அது அலமாரியில் காத்திருக்கும். வெட்டியதை மறுபடி கிமோனோ ஆக்க முடியாது. இந்தத் தொழிலில் கணக்குப் புத்தகம் பதில் சொல்லாத கேள்வி இதுதான்.

துணியைப் படிக்கவும் தெரிய வேண்டும். க்யூஷூ தீவின் குருமே ஊர் ‘கசுரி’ பருத்தித் துணியில், நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமிடுவார்கள். அதைத் தொடங்கியவர் 1788-ல் பிறந்த இனோவே டென் என்ற பெண். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதுதான் என்கிறார்கள். நகோயா நகரின் அரிமாட்சுவில் செய்யும் ‘ஷிபோரி’ நம் மதுரைச் சுங்குடிக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி. ‘சாந்தோமே’ என்றொரு கோடு போட்ட பருத்தி ரகமும் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன துணிக்கு, மயிலாப்பூர் சாந்தோமின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

ஏமாறவும் வழியுண்டு. பாலியஸ்டர் பட்டுபோலவே மின்னும். ஒரு நூலைக் கொளுத்தினால் தெரிந்துவிடும். பட்டு முடி கருகிய வாசனை தரும், பாலியஸ்டர் உருகி உருண்டுகொள்ளும். பழைய பட்டு பார்க்கப் பளபளவென்று இருந்தாலும், இழுத்தால் அப்பளமாக நொறுங்கலாம். உள்பக்கம் வைத்துத் தைத்த குசும்பாப்பூச் சிவப்புப் பட்டு தண்ணீர் பட்டதும் சாயம் விடும். சொல்லாமல் விற்றால், வாங்கியவரின் வெள்ளைத் துணியெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும்.

அதனால் நல்ல கடைக்காரர்கள் அழகான பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுவதில்லை. தையலுக்குள் வெயில் படாமல் மறைந்திருந்த அசல் நிறத்தையும், வெளியே வெளுத்துப்போன நிறத்தையும் ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் காட்டுகிறார்கள். கறை இருந்தால் அதன்மேல் ஒரு அளவுகோலையும் வைத்துவிடுகிறார்கள்.