மூன்று காசுகளும் இரண்டு ஜெர்மனிகளும்

பணியாளர் பயிற்சிகளில் 'நரம்பு-மொழி நிரலாக்கம்' என்ற பெயரில் நடத்தப்படும் சோதனை ஒன்றில், மேசைமீது மூன்று காசுகளை வைத்து, இவற்றுக்குள் என்ன தொடர்பு என்று கேட்கிறார்கள். மூன்றும் காசுகளே என்பவர் ஒற்றுமை காணும் வகையினர், ஒன்று மட்டும் பூப்பக்கம் கிடக்கிறது என்பவர் வேற்றுமை காணும் வகையினர் என்று முத்திரை விழுகிறது. ஒரே ஒரு விடையைக்கொண்டு மனித மனங்களை இப்படி இரு கூறாக்குவது அறிவியல் ஆகாது.

மனங்களை இப்படி இரண்டாகப் பிரிப்பது பழையதுதான். பிரான்சிஸ் பேக்கன் 1620இல் இவ்விரு மனப்போக்குகளையும் குறித்தார். உயிரினங்களைச் சேர்த்து வகுப்போரும் நுணுகிப் பிரிப்போரும் இருப்பது நல்லதே என்று 1857இல் டார்வின் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதினார்.

உளவியலாளர் ஏமோஸ் ட்வெர்ஸ்கி 1977இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கூர்மையானது. அன்றைய கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் ஓர் இணை; சிலோனும் (இன்றைய இலங்கை) நேபாளமும் மற்றோர் இணை. எந்த இணை அதிகம் ஒத்திருக்கிறது என்று ஒரு குழுவிடம் கேட்டபோது 67 விழுக்காட்டினர் ஜெர்மனிகளைச் சுட்டினர். எது அதிகம் வேறுபடுகிறது என்று வேறொரு குழுவிடம் கேட்டபோதும் 70 விழுக்காட்டினர் அதே ஜெர்மனிகளையே சுட்டினர். நன்கு அறிந்த இணையில் பொதுப்பண்புகளும் தனிப்பண்புகளும் ஒருசேர மிகுதியாக நினைவுக்கு வருகின்றன. எதற்கு எடை கூடுகிறது என்பதைக் கேள்வியே தீர்மானிக்கிறது. இலங்கையில் பிறந்தவர்களிடம் கேட்டிருந்தால் விடை மாறியிருக்கக்கூடும்.

உளவியலாளர்கள் டெட்ரே கெண்ட்னரும் ஆர்தர் மார்க்மனும் 1994இல் காட்டியது இன்னும் வியப்பானது: குறுகிய நேரத்தில் வேறுபாடுகளை எழுதச் சொன்னால், ஒவ்வாத இணைகளைவிட ஒத்த இணைகளுக்கே மக்கள் மிகுதியாக எழுதுகிறார்கள். நாதசுரத்தையும் பூட்டையும் ஒப்பிடுபவருக்கு எங்கே தொடங்குவது என்றே விளங்காது; நாதசுரத்தையும் புல்லாங்குழலையும் ஒப்பிடுபவரோ, ஊதும் இடம் இரண்டிலும் உண்டு என்று பொருத்தியவுடனேயே, ஒன்றில் சீவாளி இருப்பதையும் மற்றதில் உதட்டுக் காற்று நேரே துளையின் விளிம்பில் மோதுவதையும் காண்கிறார்; உடலைப் பொருத்தினால் ஆச்சாமரமும் மூங்கிலும் பிரிகின்றன; முனையைப் பொருத்தினால் நாதசுரத்தின் அடிமுனையான அணசின் விரிவு தெரிகிறது. உறுப்புக்கு உறுப்பு நிகழும் இப்பொருத்தத்தைக் 'கட்டமைப்பு இணைவு' என்றும், அதிலிருந்து பிறப்பதைப் 'பொருந்தும் வேறுபாடு' என்றும் சொல்லலாம்.

இப்பொருத்தத்துக்கு வேட்டிகளே நல்ல உவமை: துவைத்த இரண்டு வேட்டிகளில் எது நீளம் என்று பார்க்க, கரையோடு கரையும் முனையோடு முனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்; சேர்த்த பிறகே ஒன்று நான்கு விரற்கடை நீண்டிருப்பதும், மற்றதன் கரை சற்று அகன்றிருப்பதும், ஒன்று கஞ்சியால் விறைத்து நிற்க மற்றது தொய்வதும் தெரிகின்றன. வேட்டியோடு குடத்தைச் சேர்த்துப் பிடிக்க முனையே கிடையாது.

காசுச் சோதனைக்கும் இதுவே பொருந்தும். ஒன்று மட்டும் பூப்பக்கம் கிடக்கிறது என்பவர், மூன்றும் இரு பக்கங்கள் கொண்ட காசுகள் என்பதை ஏற்கெனவே கண்டு பொருத்தியவரே. ஆளை வகைப்படுத்த விரும்பும் பயிற்சியாளர், கேள்வியை மாற்றினாலும், அந்த ஆளுக்குப் பழக்கமில்லாத பொருள்களை வைத்தாலும் அதே வகை விடை வருகிறது என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும்.