சாம்பலுக்கு அடியில் ஈரம்

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது லான்சரோட்டே. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்று. ஆண்டு மழை 150 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஆறு கிடையாது, வடகிழக்குக் காற்று ஓய்வதே அபூர்வம். இங்கே லா ஹேரியா என்ற பகுதியில் திராட்சை விளைகிறது, அதுவும் பேர்போன ஒயின் தரும் மால்வசியா திராட்சை.

1730 செப்டம்பரில் இந்தத் தீவில் எரிமலை வெடித்தது. 1736 வரை அடங்கவில்லை. நல்ல விளைநிலமும் பல ஊர்களும் புதைந்தன. யாய்சா ஊர்ப் பாதிரியார் குர்பெலோ தாம் கண்டதை எழுதிவைத்ததால்தான் அந்த நாட்களை நாம் இவ்வளவு நெருக்கமாக அறிகிறோம். எரிமலைக் குழம்பு ஓடிய இடம் வெறும் பாறையாகிவிட்டது. சாம்பலும் பொடிக்கல்லும் விழுந்த இடத்திலோ, அடியில் பழைய மண் அப்படியே இருந்தது.

உழவர்கள் அந்த மண்ணைத் தேடித் தோண்டினார்கள். இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குப் புனல் வடிவில் குழி, நடுவில் ஒரே ஒரு கொடி, காற்று வரும் பக்கம் பிறை போல அடுக்கிய கல்சுவர். ஒரு ஹெக்டேருக்குச் சில நூறு கொடிகள்தான் தேறும்.

பிக்கோன் எனப்படும் அந்தக் கரிய பொடிக்கல்லைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. உடல் முழுக்கத் துளைகள். வெயிலில் மேற்பரப்பு கொதிக்கும், சற்றே கிளறினால் உள்ளே குளிர்ச்சி. மழை விழுந்த வேகத்தில் இடைவெளிகள் வழியே கீழே இறங்கிவிடும். ஆனால் அடிமண்ணின் ஈரம் திரும்ப மேலே ஏற வழியில்லை. மண்ணின் நுண்துளைகள் நீரை மேலே இழுக்கும். பொடிக்கல்லின் பெரிய இடைவெளிகளால் அது முடியாது. நம் தோட்டங்களில் வைக்கோலைப் பரப்பிப் போடும் மூடாக்கின் வேலையை இங்கே கல் செய்கிறது. இரவுப் பனியைக் கல் உறிஞ்சித் தருகிறது என்பதே அதிகம் பேசப்படும் கதை. பனிக்கும் பங்குண்டு, ஆனாலும் ஆவியாகாமல் காப்பதுதான் பெரிய உதவி என்பேன். எரிமலைக் கல் உரமாகி ஊட்டுகிறது என்ற எண்ணமும் சரியல்ல. ஊட்டம் கொடுப்பது அடியில் புதைந்த பழைய மண்.

சாம்பல் விழாத ஊர்க்காரர்களும் பொடிக்கல்லைச் சுமந்துவந்து வயலில் பரப்பி வெங்காயமும் சர்க்கரைவள்ளியும் விளைவித்தார்கள். இந்த உழவறிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

குழிக்குள் இயந்திரம் இறங்காது. அறுவடை முழுக்கக் கைவேலை. சரிந்துவிழும் பொடிக்கல்லை அடிக்கடி அள்ளி மேலே போடவும் வேண்டும். விட்டால் குழி தூர்ந்து கொடி மூடிப்போகும். அதனால் பொடிக்கல் அடுக்கு மெலிந்த இடங்களில் குழிக்குப் பதிலாக நீளவாக்கில் பள்ளம் எடுத்து, கொடிகளை வரிசையாக நடுகிறார்கள். அங்கே அதே நிலத்தில் கூடுதல் கொடிகள் நிற்கும்.