கொலஸ்திரோல் குறைந்தால் நன்மைதானா?

கொலஸ்திரோல் என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தே அஞ்சாத குடும்பங்கள் இன்று சிலவே. அவ்வச்சத்திற்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் பிரேமிங்காம் என்னும் ஊரில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சி, குருதியில் இப்பொருள் மிகுந்தோர் இருதய நோய்க்கு எளிதில் ஆளாவர் என்பதை உலகிற்கு உணர்த்தியது. ஆயினும், கடும் நோயுற்றுப் படுக்கையிற் கிடப்பவரின் குருதியில் அது திடீரெனக் குறைந்துவிடின், அதனை நற்செய்தியெனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே மருத்துவ நூலார் தரும் விடை.

கொலஸ்திரோல் உடலுக்குப் பகைப்பொருளன்று. நம் உயிர்க்கலங்கள் ஒவ்வொன்றின் மென்சவ்விலும் அது அமைந்துள்ளது. சிறுநீரகங்களின்மேல் அமைந்த அதிரீனற் சுரப்பிகள், ஆபத்துக் காலத்தில் உடலைத் தாங்கும் கோட்டிசோல் என்னும் சுரப்பை ஆக்குவதும் அதனைக் கொண்டேயாம். அதனைக் குருதியிற் சுமந்து செல்லும் கொழுப்புப் புரதங்கள், பற்றீரியாக்களின் நச்சுப்பொருள்களைப் பற்றி அடக்கவும் வல்லன.

கிருமித்தொற்று முற்றி உடலுறுப்புகள் சீர்குலையும் 'செப்சிஸ்' நிலையிலும், பெருந்தீக்காயத்திலும், பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் குருதிக் கொலஸ்திரோல் விரைந்து வீழ்கின்றது. ஈரலின் ஆக்கம் மாறுபடுகின்றது. உள்ளதும் விரைவிற் செலவாகின்றது. செப்சிஸ் நோயாளருள் இவ்வளவு மிகத் தாழ்ந்தோரிடையே மரணம் மிகுதி என்பதை ஆராய்ச்சியாளர் பலர் கண்டுள்ளனர்.

அங்ஙனமாயின், நெய்யும் முட்டையும் ஊட்டி அவர்களைக் காத்துவிடலாமோ? அன்று. வீட்டிற் புகை எழுந்தால் தீயை அணைப்பதன்றிப் புகையை விரட்டுவாருளரோ? இவ்வீழ்ச்சியும் பெரும்பாலும் நோயின் கடுமையைக் காட்டும் புகையே. மூலநோய்க்குச் சிகிச்சை செய்தலே முதற்கடன். நோய் தணியுங்கால் அளவும் மெல்ல உயர்வதுண்டு.

இதனால் இல்லத்தார் அறியவேண்டியது ஒன்றுண்டு. மாரடைப்பு ஏற்பட்ட ஓரிரு நாட்களுள் கொலஸ்திரோல் குறையத் தொடங்கிச் சில வாரங்கள் தாழ்ந்தே இருத்தல் கூடும். அக்காலத்துப் பரிசோதனைத் தாளைக் கண்டு, "அளவு குறைந்துவிட்டதே" என மகிழ்ந்து, வைத்தியர் தந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது பேராபத்தாய் முடியலாம். நோய் நீங்கி உடல் தேறியபின், வைத்தியர் குறிக்கும் நாளில் மீண்டும் சோதிப்பித்தலே முறை. ஓர் இலக்கத்தின் பொருளை, அது எவ்வேளையில் எடுக்கப்பட்டது என்பதை அறிந்தே உணரல் வேண்டும்.