வகுப்பறைக்குள் வரும் கோச்

மாணவர்களின் நடத்தையைச் சீராக்க நல்ல முறைகள் பல இருக்கின்றன. ஆராய்ச்சியில் தேறியவையும் அவற்றில் உண்டு. ஆனால் பயிலரங்கில் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு போகும் ஆசிரியர், அடுத்த வாரம் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும்போது அவற்றைச் செய்கிறாரா என்பதே கேள்வி. பெரும்பாலும் செய்வதில்லை. அது சோம்பலால் வருவதன்று. கேட்டறிந்த ஒன்று கைப்பழக்கமாக மாறுவதற்கு, பக்கத்தில் நின்று கைகொடுக்க ஒருவர் வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் அவரைக் ‘கோச்’ என்கிறார்கள். அவருக்கும் ஆசிரியர்களுக்கும் பாடம் நடத்துபவர் பயிற்றுநர். இந்த இருவரையும் ஆயத்தப்படுத்துவது இன்று அங்கே தனியொரு துறையாகவே வளர்ந்திருக்கிறது.

இதற்கான அடிப்படையைப் போட்டவர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள். விளையாட்டு வீரருக்குக் கோச் இருப்பதுபோல் ஆசிரியருக்கும் இருக்க வேண்டும் என்று 1980களின் தொடக்கத்திலேயே அவர்கள் எழுதினார்கள். 2002இல் வெளியிட்ட நூலில் ஒரு மதிப்பீட்டையும் தந்தார்கள். விளக்கிச் சொல்லி, செய்து காட்டி, பயிலரங்கிலேயே செய்து பார்க்கவும் வைத்தால்கூட, ஏறத்தாழ 5 விழுக்காட்டு ஆசிரியர்களே கற்றதை வகுப்பறைக்குக் கொண்டுபோகிறார்கள். பள்ளிக்கே வந்து துணைநிற்கும் கோச்சும் சேர்ந்தால் அது 95 விழுக்காடாகிறது. இந்த எண்களைத் தராசில் நிறுத்த அளவுபோல் கொள்ள வேண்டியதில்லை. அவை பல ஆய்வுகளைப் படித்துப் பார்த்துச் சொன்ன மதிப்பீடுகள். ஆனால் அவை காட்டும் திசை சரியானது. லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் விட், ஜார்ஜ் நோயல் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. பயிற்சி முடிந்த சில நாள்களிலேயே ஆசிரியர்கள் திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். அவர்கள் எந்த அளவுக்குச் செய்கிறார்கள் என்பதை எடுத்துக்காட்டிப் பேச ஒருவர் வந்ததும் மறுபடியும் செய்யத் தொடங்கினார்கள்.

இந்தக் கோச்சுகள் பெரும்பாலும் வேலை செய்வது ‘நேர்மறை நடத்தை இடையீடுகளும் துணைகளும்’ என்ற திட்டத்துக்குள். ஆங்கில முதலெழுத்துகளால் அதைப் பி.பி.ஐ.எஸ். என்பார்கள். மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்கான அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம் 1997இல் திருத்தப்பட்டபோது, அவர்களைத் தண்டித்து வெளியேற்றுவதற்கு மாறாக நேர்மறை வழிகளைப் பரிசீலிக்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. அடுத்த ஆண்டே நடுவண் கல்வித்துறையின் நிதியில் ஒரு தேசிய மையம் உருவானது. ஒரெகான் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹார்னர், ஜார்ஜ் சுகாய் ஆகியோர் அதை முன்னின்று நடத்தினார்கள். இன்று 25,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் இந்த முறையைக் கையாள்கின்றன.

திட்டத்துக்கு மூன்று அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு எல்லா மாணவர்களுக்கும் உரியது. பள்ளி எதிர்பார்க்கும் நடத்தைகள் மூன்று முதல் ஐந்துவரை தெளிவான சொற்களில் வகுக்கப்பட்டு, பாடம்போலவே கற்பிக்கப்படும், செய்பவர்கள் பாராட்டப்படுவார்கள். ஏறத்தாழ 80 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு இதுவே போதும். 15 விழுக்காட்டினருக்குக் கூடுதல் கவனிப்பு தேவைப்படும். அது இரண்டாம் அடுக்கு. மீதமுள்ள சிலருக்குத் தனித்தனியே திட்டம் தீட்ட வேண்டியிருக்கும். கோச்சுக்கு மூன்று அடுக்குகளும் தெரிந்திருக்க வேண்டும் என்றாலும், அவருடைய ஆழம் சோதிக்கப்படுவது மேலிரண்டு அடுக்குகளில்தான்.

கோச்சுக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம், எந்த நடத்தைக்கும் ஒரு பயன் உண்டு என்பது. கணக்குப் பாடம் தொடங்கியதும் கூச்சலிடும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் அவனை வெளியே அனுப்புகிறார். தண்டித்துவிட்டதாக அவர் நினைக்கிறார். பையனுக்கோ புரியாத கணக்கிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது. மறுநாளும் கத்துவான்; இன்னும் சீக்கிரமாகவே கத்துவான். இதே கூச்சலை இன்னொரு பையன், எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் போடலாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மருந்து மட்டும் வேறு. முதல் பையனுக்குக் கணக்கை அவன் எட்டும் அளவில் கொடுத்து, முடியாதபோது உதவி கேட்கும் வழியைக் கற்றுத்தர வேண்டும். இரண்டாமவனுக்கு, கத்தாமல் இருக்கும் நேரத்திலேயே கவனிப்பு கிடைக்கும்படி செய்ய வேண்டும்.

இதைக் கண்டறிய, நடத்தைக்கு முன்னால் நடந்தது, நடத்தை, அதற்குப் பின்னால் நடந்தது என்று மூன்றையும் பல நாள் குறித்துவைக்கிறார்கள். முன்பின் பார்க்காமல் நடத்தையை மட்டும் பார்ப்பவர் ‘முரட்டுப் பையன்’, ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற முடிவுகளோடு நின்றுவிடுவார். அந்த முடிவுகளை வைத்துக்கொண்டு நாளைக் காலை வகுப்பில் செய்வதற்கு எதுவும் இல்லை. எனவே நல்ல பயிற்சியில் கோச்சுகளுக்கு வகுப்பறைக் காணொளிகளைப் போட்டுக் காட்டி, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதச் சொல்கிறார்கள். ‘மரியாதையில்லாமல் பேசினான்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ‘ஆசிரியர் புத்தகத்தைத் திறக்கச் சொன்னதும் முடியாது என்று சொல்லிப் புத்தகத்தைக் கீழே தள்ளினான்’ என்று எழுத வேண்டும்.

பார்ப்பதற்கு அளவுகோலும் தேவை. ஒரு பாடவேளையில் ஆசிரியர் எத்தனை முறை பாராட்டினார், எத்தனை முறை கண்டித்தார், பிள்ளைகள் பதில் சொல்ல எத்தனை வாய்ப்பு கொடுத்தார் என்பவை எண்ணக்கூடியவை. இருவர் ஒரே வகுப்பைத் தனித்தனியே பார்த்து எண்ணி, இருவர் கணக்கும் குறைந்தது 80 விழுக்காடு ஒத்துப்போகும்வரை பழகுவது வழக்கம். இந்த எண்ணிக்கையில் சேரும் பாராட்டும் பொதுவான ‘வெரிகுட்’ அல்ல. ‘கை தூக்கிவிட்டுப் பேசினாய், நல்லது’ என்று செய்த செயலைக் குறிப்பிட்டுச் சொல்வது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மேட்சன், பெக்கர், தாமஸ் ஆகியோர் 1968இலேயே தொடக்கப் பள்ளி வகுப்புகளில் இதைச் சோதித்தார்கள். விதிகளைச் சொல்வதால் மட்டும் பிள்ளைகளின் நடத்தை ஏறக்குறைய மாறவே இல்லை. நல்ல நடத்தையைப் பாராட்டி, சிறு தொல்லைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டபோதுதான் மாறியது. விதிகளைச் சுவரில் ஒட்டிவிட்டு ஓய்ந்துவிடும் பள்ளிகள் இன்றும் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் கற்றுக்கொள்ள எளிதானவை. ஆசிரியரோடு பேசுவதுதான் கடினம். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியரிடம் போய், ‘நீங்கள் பதினான்கு முறை கண்டித்தீர்கள், ஒருமுறைதான் பாராட்டினீர்கள்’ என்று சொல்வது எப்படி? மேலதிகாரியின் குரலில் சொன்னால் கதவு சாத்தப்பட்டுவிடும். அதனால்தான் கோச்சின் குறிப்புகள் ஆசிரியரின் பணி மதிப்பீட்டுக்குப் போகக் கூடாது என்பதை முதலிலேயே எழுத்தில் உறுதி செய்கிறார்கள். இந்தச் சுவர் இல்லாத இடத்தில் கோச் வேவு பார்ப்பவராகவே கருதப்படுவார். எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை.

பேசும் முறையைக் கற்பிக்க, மதுப் பழக்கத்திலிருந்து மீள விரும்புபவர்களுக்காக உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் விவரித்த உரையாடல் முறையைக் கல்வித்துறை எடுத்துக்கொண்டது. மாற வேண்டிய காரணத்தை எதிரிலிருப்பவரையே சொல்லவைப்பது அதன் சாரம். மிசௌரி பல்கலைக்கழகத்தின் வெண்டி ரைங்கி, இதையும் வகுப்பறை அளவீட்டையும் இணைத்து ‘வகுப்பறைச் சோதனை’ என்ற கோச்சிங் முறையை வடிவமைத்தார். கோச் முதலில் ஆசிரியரோடு உட்கார்ந்து அவர் விரும்புவது என்ன என்று கேட்கிறார். பிறகு வகுப்பைப் பார்க்கிறார். பார்த்ததைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமிட்ட ஒரே தாளில் காட்டுகிறார். எதை மாற்றுவது என்று ஆசிரியரே தேர்ந்தெடுக்கிறார். கோச் தீர்ப்புச் சொல்வதில்லை, பட்டியலிட்டு ஏவுவதும் இல்லை. ஆசிரியர் தானே தேர்ந்ததைத்தான் தானே காப்பாற்றுவார்.

கோச்சுகளைப் பழக்கும்போது இந்த உரையாடல்களை நடித்துப் பார்க்கவைக்கிறார்கள். ஒருவர் சலிப்படைந்த ஆசிரியராக, மற்றவர் கோச்சாக. பயிற்றுநர் இடையில் நிறுத்தி, திருத்தி, மறுபடியும் நடிக்கச் சொல்வார். வயதுவந்தவர்களுக்கு இது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூச்சத்தைத் தவிர்க்க நடிப்பை விட்டுவிட்டு விளக்கவுரையோடு முடிக்கும் பயிற்சி, ஜாய்ஸும் ஷவர்ஸும் சொன்ன அந்த 5 விழுக்காட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

இரண்டாம் அடுக்கில் மிகப் பரவலாக இருப்பது ஒரெகானில் உருவான ‘காலை சந்திப்பு, மாலை சந்திப்பு’ முறை. பையன் காலையில் வந்ததும் தனக்கென்று குறிக்கப்பட்ட பெரியவரைப் பார்த்து ஒரு அட்டை வாங்கிக்கொள்வான். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் மதிப்பெண் போட்டு ஓரிரு நல்ல சொற்கள் சொல்வார். மாலையில் கூட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் 80 விழுக்காடு இலக்கு. பெற்றோர் கையெழுத்திட்ட அட்டை மறுநாள் திரும்பி வரும். பெரியவர்களின் கவனிப்புக்கு ஏங்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே பலிக்கிறது. பாடத்திலிருந்து தப்பிக்கத் தொல்லை செய்பவனுக்கு இதை அப்படியே கொடுத்தால் பலன் குறைவு. கோச் இங்கேதான் தேவைப்படுகிறார்: அட்டை வெறும் புகார்ப் பட்டியலாக மாறுகிறதா, ஆசிரியர் மதிப்பெண்ணை மட்டும் எழுதிவிட்டு வாய் திறக்காமல் போகிறாரா, இந்தப் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று பார்க்கவும் சொல்லவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தகவலைப் படிக்கும் திறமை இன்னொன்று. தொல்லை செய்த மாணவனை அலுவலகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு சீட்டிலும் யார், எங்கே, எப்போது, என்ன, எதற்காக என்பவை பதிவாகின்றன. ‘பிள்ளைகள் அடங்குவதில்லை’ என்ற புலம்பலை, ‘மதிய உணவு இடைவேளையில், சாப்பாட்டுக் கூடத்து வரிசையில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தள்ளிக்கொள்கிறார்கள்’ என்ற வாக்கியமாக மாற்ற உதவுவது கோச்சின் வேலை. அப்படி எழுதியவுடனே தீர்வு பாதி தெரிந்துவிடும். வரிசையைப் பிரிக்கலாம், இன்னொரு பெரியவரை நிறுத்தலாம், நிற்கும் முறையைப் பழக்கலாம்.

இதே சீட்டுகள் சங்கடமான உண்மையையும் வெளியே கொண்டுவருகின்றன. 2013-14 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 விழுக்காடு, இடைநீக்கம் செய்யப்பட்டவர்களிலோ ஏறத்தாழ 39 விழுக்காடு என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2018இல் அறிவித்தது. இதைப் பேசத் தயங்கும் கோச் பாதி வேலையைத்தான் செய்கிறார். ஒரெகானின் கென்ட் மெக்கின்டாஷ் குழுவினர் இதற்கு நடைமுறை வழி ஒன்றைக் கற்பிக்கிறார்கள். களைப்பும் எரிச்சலும் கூடிய நேரங்களில்தான் அவசரத் தீர்ப்புகள் பிறக்கின்றன. அந்த நேரங்களைத் தகவலிலிருந்தே கண்டுகொண்டு, அப்போது முடிவெடுக்கும் முன் சற்று நிதானிக்க ஒரு பழக்கத்தை ஆசிரியர் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

கோச்சுகளை உருவாக்கும் பயிற்றுநர் எங்கிருந்து வருவார்? வெளியிலிருந்து நிபுணரை ஒருமுறை அழைத்து வந்தால் அவர் போனதும் அறிவும் போய்விடும். ஆகவே மாவட்டத்துக்குள்ளேயே ஆள் வளர்க்கிறார்கள். முதலில் அனுபவமுள்ள பயிற்றுநர் நடத்துவதைப் பார்ப்பது, அடுத்து அவரோடு சேர்ந்து நடத்துவது, பிறகு அவர் பார்த்திருக்கத் தனியே நடத்துவது என்று படிகள் வைத்திருக்கிறார்கள். தானே கோச்சாக வகுப்பறையில் உழைக்காத ஒருவரைப் பயிற்றுநராக்குவது தவறு. ஆசிரியர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

திட்டம் சொன்னபடி நடக்கிறதா என்பதை அளக்கவும் கருவி உண்டு. ஒவ்வொரு கூறுக்கும் பூச்சியம், ஒன்று, இரண்டு என்று மதிப்பிடும் அந்தப் படிவத்தில் 70 விழுக்காடு எடுத்தால் அந்த அடுக்கு சரியாக நடப்பதாகக் கொள்வார்கள். பள்ளிக் குழு தனக்குத்தானே தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொள்ளும் என்பதால், பயிற்சி பெற்ற வெளி கோச் ஒருவர் உடனிருப்பது நல்லது.

மேரிலாந்து மாநிலம் இதற்கெல்லாம் நல்ல சான்று. அங்கே கல்வித்துறை, ஷெப்பர்டு பிராட் மருத்துவ நிறுவனம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கைகோத்து இந்த வேலையைச் செய்தன. 37 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 21 பள்ளிகளில் திட்டத்தை நடத்தி, மற்ற 16உடன் ஒப்பிட்டார்கள். தலைமையாசிரியர் உள்ளிட்ட பள்ளிக் குழுவுக்குக் கோடையில் இரண்டு நாள் பயிற்சி, ஆண்டுதோறும் நினைவூட்டல் பயிற்சி, அதோடு பள்ளிக்கு வந்துபோகும் கோச். திட்டம் நடந்த பள்ளிகளில் அலுவலகத்துக்கு அனுப்புவதும் இடைநீக்கமும் குறைந்தன என்று கேத்தரின் பிராட்ஷா குழுவினர் 2010இல் வெளியிட்டார்கள்.

கோச்சுக்கு நேரம் ஒதுக்காத பள்ளியில் இவை எதுவும் நடக்காது. பள்ளி உளவியலாளர், ஆலோசகர், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோரையே பெரும்பாலும் கோச்சாக்குகிறார்கள். அவர்களுடைய பழைய வேலை ஒன்றையும் குறைக்காமல் இதையும் தலையில் ஏற்றினால், வகுப்பறைக்குப் போவதுதான் முதலில் கைவிடப்படும். தலைமையாசிரியர் கூட்டங்களுக்கு வராத பள்ளியிலும் திட்டம் தேங்கிவிடும். ஆகவே பயிற்சிக்கென்று பணம் ஒதுக்குவோர், அதில் பெரும்பங்கைப் பயிலரங்கு மண்டபத்துக்குச் செலவிடாமல், கோச்சின் வாராந்தர நேரத்துக்குச் செலவிடுவதே சரி.