அரத்தோடு ரசீதையும் வாங்குங்கள்

பட்டறையில் பிடி போடாத அரத்தைப் பார்த்தாலே எனக்குப் பதறும். மரப்பிடிக்குள் செருக வேண்டிய கூரான வாலை வெறுங்கையில் பிடித்து ராவுவார்கள். உருப்படியில் அரம் சட்டென்று மாட்டி நின்றால், வால் உள்ளங்கையில் ஏறிவிடும். ஒரு பிடிக்கு ஆகும் செலவு அற்பம்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுக்குள் போகும் லீவர், சாவிப்பல் போன்ற சின்ன உருப்படிகளைக் கையால் செய்பவர்களுக்குக் கருவிதான் சோறு போடுகிறது. அதைப் பார்த்து வாங்க வேண்டும். ஆக்சா பிளேடு எடுத்தால், அறுக்கப்போகும் தகட்டின் கனத்துக்குள் மூன்று பற்களாவது நிற்கிறதா என்று பாருங்கள். பல் பெரிதாக இருந்தால் மெல்லிய தகட்டில் மாட்டி பிளேடு ஒடிந்து தெறிக்கும். துளை போடும்போது தகட்டைக் கையால் பிடிக்கவே கூடாது, வைஸில் கட்டுங்கள். ட்ரில் அடிப்பக்கம் வெளிவரும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். அப்போது கையுறையும் காப்பாற்றாது. அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

போலி முத்திரை குத்திய அரம் இரண்டே நாளில் மழுங்கிப்போனால், “தொழிலுக்கு வாங்கினது, கேஸ் நிற்காது” என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அதை நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கியவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தனி ஆளாகப் பட்டறை நடத்தும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரசீது, உறை, கெட்டுப்போன கருவி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கடையில் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அதிலும் வழி பிறக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. பூட்டு வேலை தெரிந்த கையைத் தேடி, நாட்டுத்துப்பாக்கியின் விசையைச் சரிசெய்து தரச் சொல்லி யாராவது வரலாம். “சின்ன ஸ்பிரிங்தானே” என்பார்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் செய்வதும் பழுதுபார்ப்பதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு சிறை. ஆயுள் வரைக்கும் போகலாம். எவ்வளவு கூலி கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடிபட்டு அடிபட்டுத் தலை காளான்போல் விரிந்த உளியிலிருந்து சில்லு தெறிக்கும். அந்த விளிம்பைச் சாணையில் எடுத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். இரும்புத்துகள் விழுந்தால் கசக்காதீர்கள், துணி முனையால் எடுக்கவும் பார்க்காதீர்கள். இரும்பு கண்ணுக்குள்ளேயே துருப்பிடிக்கும். உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

கூலிக்கு வேலை பார்க்கிறவர் என்றால், வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்பது 1923 முதலே சட்டம் தந்த உரிமை. இஎஸ்ஐ பதிவு இருந்தால் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் முதலாளி தர வேண்டும், தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். ஆனால் பல இடங்களில் வழக்கு கெட்டுப்போவது ஆஸ்பத்திரி வாசலிலேயே. “வீட்டில் விழுந்தேன்னு சொல்லிடுப்பா, செலவை நான் பார்த்துக்கறேன்” என்று முதலாளி சொல்வார், இவரும் அப்படியே சொல்லிவிடுவார். டாக்டர் எழுதும் சீட்டில் பட்டறையில், வேலையின்போது, இன்ன கருவியால் அடிபட்டது என்று பதிவாகியிருக்கிறதா என்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.