கழிவுநீரும் பாசியும்: எதைப் பாய்ச்சலாம், எதைப் பாய்ச்சக் கூடாது?

காவிரியின் மேற்குக் கரையில் பவானி. கிழக்குக் கரையில் குமாரபாளையம். விசைத்தறிக்குப் பெயர் பெற்ற இவ்வூரில் தறியோடு சாயப்பட்டறைகளும் பெருகின. சாயக்கழிவு ஆற்றிலும் ஓடையிலும் கலக்கிறது என்பது இப்பகுதி விவசாயிகளின் நெடுநாளைய முறையீடு. கழிவுநீரில் பாசி வளர்த்துச் சுத்தம் செய்யலாம் என்ற செய்தி இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. அந்த நீரை வயலுக்கு விடலாமா? வீட்டுக் கழிவுநீரானால் விடலாம். சாயநீரானால் விடக்கூடாது. காரணத்தைப் பார்ப்போம்.

பாசி செய்யும் வேலை

குட்டையில் நீர் பச்சை நிறமாவது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளால்தான். இவை வெயிலில் பிராணவாயுவை வெளியிடுகின்றன. அதைக்கொண்டு நீரிலுள்ள பாக்டீரியாக்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. சிதைவில் வெளிப்படும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பாசி உண்டு வளர்கிறது.

அமிலம், உப்பு மிகுந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும் பாசி வகைகள் உண்டு. இராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஓர் ஆலையின் அமிலக் கழிவுநீரைக் குரோகாக்கஸ் என்ற நுண்பாசியைக் கொண்டு பெரிய அளவில் சீர்செய்தனர். சென்னையைச் சேர்ந்த பாசியியல் அறிஞர் வி. சிவசுப்பிரமணியன் குழுவினரின் இந்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. காஸ்டிக் சோடா கொட்டி அமிலத்தை முறிக்கும் செலவும், அதனால் சேரும் கசடும் இதனால் குறைந்தன.

உப்பு போகாது

பருத்தி நூலில் சாயம் பிடிப்பதற்கு உப்பு ஏராளமாகச் சேர்க்கிறார்கள். பாசி சாய நிறத்தை ஓரளவு குறைக்கலாம். கரைந்த உப்பு அத்தனையும் நீரிலேயே நிற்கும். நீர் தெளிந்திருக்கிறதே என்று பாய்ச்சினால் உப்பு மண்ணில் தங்கும். சோடியம் சேரச் சேரக் களிமண் இறுகி, நீர் இறங்காமல் போகும்.

நொய்யல் கரை விவசாயிகள் இதை அனுபவித்தவர்கள். 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிற்று. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீரே நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். கழிவை வெளியே விடாத ஏற்பாடு செய்யாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆகவே சாயப்பட்டறைகளின் அருகே கிணறு வைத்திருப்போர், நீரின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. மண் பரிசோதனை நிலையத்தில் நீரைக் கொடுத்து மின்கடத்தும் திறனை அறிய வேண்டும். அது 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிருக்கு அச்சமில்லை. 2.25-க்கு மேற்பட்டால் சாதாரணப் பாசனத்துக்கு உதவாது. சோடியம் அளவையும் கேட்டறிவது நல்லது.

வீட்டு நீருக்குப் பாசிக் குட்டை

குளியல் நீர், பாத்திரம் கழுவும் நீர், கட்டுத்தரை கழுவும் நீர் ஆகியவற்றுக்குப் பாசி முறை ஏற்றது. கக்கூஸ் நீரைச் சேர்க்க வேண்டாம். முதலில் சிறு குழியில் கசடு படியவிட்டு, தெளிந்த நீரை ஓரடி ஆழமுள்ள குட்டைக்கு விடவும். ஆழம் மிகுந்தால் அடியில் வெயில் எட்டாது. நாள்தோறும் கலக்கிவிட்டால் நாற்றம் வராது, கொசுவும் குறையும். ஒரு வாரம் நின்ற பச்சை நீரைத் தீவனப்புல், வாழை, தென்னைக்குப் பாய்ச்சலாம். பச்சையாக உண்ணும் கீரை, காய்களுக்குக் கூடாது.

நெல்லுக்கு நீலப்பச்சைப் பாசி

நெல் வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துபவை நீலப்பச்சைப் பாசிகளே என்று 1939-இல் பி. கே. டே என்னும் நம் நாட்டு அறிஞர் எடுத்துக்காட்டினார். மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாயில் நெல் நடுவோர் இப்பாசியைத் தாமே பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் இதற்குக் கழிவுநீர் வேண்டாம். நல்ல நீரே வேண்டும்.

ஆறடி நீளம், மூன்றடி அகலம், 9 அங்குல ஆழத்தில் குழி எடுத்துப் பாலிதீன் தாள் விரிக்கவும். 10 கிலோ வயல் மண்ணும் 200 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு, நான்கு அங்குலம் நீர் நிறுத்தவும். மண் படிந்து நீர் தெளிந்ததும் தாய்ப்பாசியைத் தூவவும். நல்ல வெயிலில் 7 முதல் 10 நாட்களில் பாசி ஏடாகப் படரும். நீரை வற்றவிட்டு, காய்ந்த ஏட்டைச் சேகரிக்கவும்.

ஏக்கருக்கு 4 கிலோ பாசியை, நடவு செய்த பத்தாம் நாள், வயலில் நீர் நிற்கும்போது தூவ வேண்டும். ஒரு போகத்தில் ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோ தழைச்சத்து கிடைக்கக்கூடும். இது ஏறக்குறைய அரை மூட்டை யூரியாவுக்குச் சமம். எனினும் உரத்தை முழுவதும் நிறுத்திவிடாமல், அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டால் போதும்.

தாய்ப்பாசி பெறும் விவரத்துக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுக. போகும்போது கிணற்று நீரையும் ஒரு சுத்தமான புட்டியில் எடுத்துச் சென்று, பரிசோதனைக்கு அனுப்பும் வழியைக் கேட்டு வருக.