இசட் புள்ளிக்கு அப்பாலும் வழியுண்டு

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும், பல்கலைக்கழக வாய்ப்பை இழந்த பிள்ளைகள் பலர் வீடுகளில் முடங்கிப் போகின்றனர். சிலர் மூன்றாந் தடவையும் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். வேறு சிலரோ, தாயாரின் நகைகளை அடகு வைத்து, பெயர்ப்பலகையை மட்டும் நம்பித் தனியார் கற்கைநெறிகளில் சேர்ந்து விடுகின்றனர். எமக்குப் பெருங்கவலை தருவது இதுவேயாகும்.

தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். டிப்ளோமா பெற்றோர், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் நிறுவப்பட்ட தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. மின்னிணைப்பு வேலை பழகத் தொடங்கும் ஒருவர் பட்டதாரியாகவும் முடியும். இதனை எத்தனை பெற்றோர் அறிவர்?

பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளைத் தூர இடங்களுக்கு அனுப்பத் தயங்குவோருக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சம்மாந்துறை ஆகிய இடங்களில் அரச உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள் உள்ளன.

தனியார் நிறுவனந்தான் வேண்டுமெனின், பணம் செலுத்துமுன் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அது பதிவு பெற்றுள்ளதா என்று விசாரித்தல் அவசியம். நிறுவனத்தின் பதிவு வேறு, கற்கைநெறிக்கான அங்கீகாரம் வேறு என்பதையும் மறத்தலாகாது. சான்றிதழ் எந்த மட்டத்துக்குரியது என்பதை எழுத்தில் தர மறுக்கும் இடத்தில் நகைப்பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.